பத்திரிகையில் வராத சண்டை

போன வாரம் சமையலறையில் நானும் என் கணவரும் குரலை உயர்த்திவிட்டோம். எல்லாம் அடங்கித் திரும்பிப் பார்த்தால், கூடத்தில் மகள் எதுவும் நடக்காததுபோல வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எதைக் கேட்டாள், எப்படி எடுத்துக்கொண்டாள் என்று நினைத்து நினைத்து எனக்கு இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் வயதில் நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

எண்பதுகளில் ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. அம்மா மனநல ஆலோசனை சொல்பவள். குடும்பத்தில் சண்டை வராமலிருக்க வழி சொல்லும் புத்தகங்களும் எழுதினாள். பின்னட்டையில் அம்மா சிரித்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாகத் தேடி வருவார்கள். "டாக்டரம்மா, ஊசி போடுவீங்களா?" என்று பயந்தவர்களும் உண்டு.

அப்பா எழுத்தாளர். வாரப் பத்திரிகையில் குடும்பத் தொடர்கதை எழுதிவந்தார். பெண்கள் பேசும் வசனம் மட்டும் அவருக்கு வராது. அதனால் அம்மாவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி, கதாநாயகன் பேச்சை அவர் பேசுவார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, கையில் கரண்டியோடு மனைவியாக வெளுத்து வாங்குவாள். "இரு இரு, எழுதிக்கறேன்" என்று அப்பா பேனாவைத் தேடி ஓடுவார். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா ஒருமுறை சமாதானம் செய்ய ஓடிவந்தார். விஷயம் தெரிந்த பிறகு, சத்தம் கேட்டால் சுவரோரம் வந்து நின்று ரசிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஞாயிறு ஜூஜுவாடியிலிருந்து ஒரு ஜோடி வந்தது. கணவர் தொழிற்சாலையில் லேத் இயந்திரம் ஓட்டுபவர். ஒரே சைக்கிளில் வந்தவர்கள் வாசல் பெஞ்சின் இரண்டு முனைகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே அறைக்கதவு சாத்தியிருந்தது. அதையும் தாண்டி அம்மாவின் குரல் வந்தது.

"ஆலோசனை கேட்டு வந்த அந்தப் பொண்ணு என்னை நம்பித்தானே சொல்லுச்சு? அதை ஊரே படிக்கிற மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க!"

"பேரை மாத்தித்தானே எழுதினேன்?"

"பேரை மாத்துனா ஆச்சா? அவ படிச்சுட்டா. இனிமே உங்க வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டா. கதையை நிறுத்துங்க. இல்லன்னா நான் காவேரிப்பட்டினம் பஸ் ஏறி எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

ஜூஜுவாடி அக்கா எழுந்துவிட்டார். "இவங்க ஊட்லயே இப்படி. நமக்கு என்னாத்த சொல்லப்போறாங்க? வாங்க போலாம்."

வந்தவர்கள் திரும்பிப் போனால் நம் வீட்டுக்கு மரியாதையா? நான் குறுக்கே போய் நின்றேன். "உட்காருங்கக்கா. அது நெஜச் சண்டை இல்ல, அப்பா கதைக்கு வசனம். எங்க ஊட்ல எப்பவும் நடக்கறதுதான்."

"கதையா!" இருவரும் உட்கார்ந்தார்கள். இந்த முறை கதவுக்குப் பக்கமாக, நெருங்கி.

"அந்தம்மா பேசறதுதான் நாயம்" என்றார் அக்கா.

"அந்தாளும் பொழப்புக்குத்தானே எழுதறான்?"

"ஆமா, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. நான் சொன்னதை உங்கம்மாகிட்ட போய்ப் பத்த வெச்சவராச்சே."

"எப்ப?"

"உகாதிக்கு!"

அவர் தலையைச் சொறிந்தார். "அது தப்புதான், வுடு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரம் கதவு திறந்தது. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. கையில் துணிப்பை, அதில் மடித்த புடவைகள். இன்றைக்குப் பையெல்லாம் வைத்து நடித்திருக்கிறாளே என்று எனக்குப் பூரிப்பு.

"பிரமாதமா பேசினீங்க டாக்டரம்மா! அப்புறம், அந்தம்மா பஸ் ஏறிட்டாங்களா?" என்று கேட்டார் அக்கா.

அம்மா என்னைப் பார்த்தாள். பின்னால் வந்து நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றார் அப்பா மெல்ல. "அந்தாள் நிறுத்திடறேன்னு சொல்லிட்டான்."

"சொன்னா ஆச்சா? நிறுத்தணும்" என்றார் அக்கா.

"நிறுத்திடுவான்."

 அம்மா பையைக் கதவோரம் வைத்துவிட்டு, "உள்ள வாங்க" என்று அவர்களை அழைத்துப் போனாள். அப்பா காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

சில வாரங்களில் தொடர்கதையில் இருந்த அத்தனை பேரும் திடீரென்று சமாதானமாகித் திருப்பதிக்குக் கிளம்பிப் போனார்கள். முற்றும். அப்பா ராஜா கதை ஒன்றைத் தொடங்கினார். நிறையக் குதிரைகள் வந்தன. ஆனால் நான் காத்திருந்த வசனம் மட்டும் வரவில்லை. வசனம் பேச அம்மாவை அவர் கூப்பிடவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தபோது ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அப்பா, அன்னைக்கு அம்மா பையோட பேசினது எப்ப வரும்?"

"ராஜா கதையில அதை எங்கடி வெக்கறது?"

"ராணி பேசட்டுமே. ராணி கோவிச்சுக்கினு அவங்கம்மா வீட்டுக்குப் போகட்டும்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "ராணிக்கு ஏது காவேரிப்பட்டினம் பஸ்ஸு?"

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா ஓடிவந்து அவர் தலையில் தட்டினாள். தட்டிக்கொண்டே அவளும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ராணிக்குப் பஸ் இல்லாததற்கு அம்மா எதற்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.