முறைத்தண்ணி நாளும் பாலிக் கடலும்

சின்னவ பாலிக்குப் போறான்னு எனக்கு மொதல்ல சொன்னது அவ இல்லீங்க. பால் சொசைட்டியில பால் அளக்கற பொம்பள. உங்கூட்டுச் சின்னவங்க பிளேன் ஏறிக் கடலோரத்துக்குப் போறாங்களாமே, நாலு நாளாமேன்னு அவ கேக்க, நான் ஆமாமா, தெரியுமேன்னு சிரிச்சு வெச்சுட்டு கேனைத் தூக்கிட்டு வந்தேன். வர்ற வழியெல்லாம் வயித்தெரிச்சல். சும்மா சொல்லக்கூடாது, அன்னைக்கு எனக்குக் காப்பியே எறங்கல.

சின்னவன்னா என்ர கொழுந்தனாரு சம்சாரம். பாலக்காட்டுச் சித்தூருக்குக் கெழக்கே, தமிழ்நாட்டு எல்லைப் பக்கமா எங்க ரெண்டு ஊடும் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்குது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரிச்சப்ப வயலுக்கு நடுவுல ஒரு வரப்பு வெச்சு ரெண்டாக்கினாங்க. மடை மட்டும் ரெண்டாகல. பத்து நாளைக்கு ஒருக்கா வாய்க்காலுல கனால் தண்ணி அந்த மடைக்கு வரும், அதுதான் முறைத்தண்ணி. காலையில ஒம்பதுல இருந்து மத்தியானம் ஒண்ணு வரைக்கும் எங்க முறை. மொதல் ரெண்டு மணி நேரம் எங்க வயலுக்கு, பொறவு ரெண்டு மணி நேரம் அவங்க வயலுக்கு. மணி ஒண்ணானா கீழ்வயல்காரரு மம்பட்டியோட வந்து தன் பக்கம் திருப்பிக்குவாரு. யாரு எவருன்னு பாக்க மாட்டாரு.

சாயங்காலம் சின்னவ வந்தா, கையில டிராவல்ஸ்காரங்க குடுத்த வழவழன்னு ஒரு நோட்டீசு. பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, பேக்கரிக்கு மேல மாடியில ஆபீசாம். டிக்கெட்டு, ரூமு, காரு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம், நாம பொட்டியத் தூக்கிட்டுப் போனாப் போதுமாம். படத்துல கடலுக்கு மேல ஒரு ஊஞ்சலு, அதுல தொப்பி போட்ட ஒரு புள்ள. எனக்குன்னா அந்தப் புள்ளயக்கூடப் புடிக்கல. எல்லாத்தையும் காட்டி முடிச்சுட்டு, வந்த சங்கதியச் சொன்னா. அவங்க போற நாலு நாளுல வியாழக்கெழமை முறைத்தண்ணி வருது. அவங்க பங்கை நான் பாய்ச்சி விடோணும்.

இதைக் கேக்கவே வேண்டியதில்ல. ஒரு ஊட்டுக்காரங்க ஊருல இல்லீன்னா இன்னொரு ஊட்டுக்காரங்க மடையைத் திருப்பி விடறது எங்க பக்கத்து வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூடத் தண்ணி விசயத்துல மட்டும் ஒருத்தரை ஒருத்தர் காய விட மாட்டாங்க. எங்கம்மா செத்து நான் பத்து நாளு பொறந்த ஊட்டுல கெடந்தப்ப எங்க வயலுக்குப் பாய்ச்சுனது சின்னவதான். இதெல்லாம் சொல்லோணுமா, கம்முனு போயிட்டு வான்னேன். மனசுக்குள்ள வேற ஓடுச்சு. சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போறவங்களுக்குத் தண்ணி பாய்ச்சினது சரி. ஊஞ்சலு ஆடப் போறவளுக்கு நான் சேத்துல நிக்கோணுமா?

எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன், நாமளும் ஒருக்காப் போலாமேன்னு. கடலு பாக்கோணும்னா பொன்னானியில இருக்குது, காலையில பஸ் ஏறினா சாயங்காலம் வந்துரலாம்னாரு. எல்லாக் கடலும் உப்புத்தான், இதுக்குப் போயி பிளேனான்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தீவனம் வெக்கப் போயிட்டாரு. அந்த மனுசன் பொன்னானிக்கும் கூட்டிட்டுப் போனதில்லீங்க.

போன அன்னைக்கே சின்னவ ஸ்டேட்டஸ் போட ஆரம்பிச்சுட்டா. என்ர போன்ல பாத்தா என்ர பேரு அவளுக்குத் தெரியுமில்ல, அதனால எங்கூட்டுக்காரரு போன்ல பாத்தேன். ஏர்போர்ட்டுல காப்பி குடிக்கறா. ரூமுக் கட்டிலுல பூத் தூவியிருக்குது. அப்புறம் ஒரு எளநி, அதுல கொடை மாதிரி ஒரு காகிதப் பூவு குத்தியிருக்குது. அடிப் பாவி, ஊட்டைச் சுத்தி இருநூறு தென்னை மரம் நிக்குது, அங்க போயி எளநியப் படம் புடிக்கறா. அடுத்த படத்தைப் பாத்ததும் நான் சத்தமாவே சிரிச்சுட்டேன். பச்சைப் பசேல்னு நெல்லு வயலு, அதுக்கு முன்னால இவ கையை விரிச்சுட்டு நிக்கறா. நெல்லு வயலைப் பாக்கப் பிளேன் ஏறிப் போனவ எங்க சின்னவ ஒருத்தியாத்தான் இருப்பா. சிரிச்சுட்டு, அந்தப் படத்தை மறுக்கா மறுக்காப் பாத்தேன். அவ சந்தோசமா இருந்தா. அதுதான் எனக்குத் தாங்கல.

வியாழக்கெழமை எங்கூட்டுக்காரரு தேங்காய் லோடோட பொள்ளாச்சிக்குப் போயிட்டாரு. நெல்லு கதிரு விடப் பொதி கட்டி நிக்கற நேரம். இந்தத் தண்ணி தவறுனா அடுத்ததுக்குப் பத்து நாளு, அதுக்குள்ள வயலு வெடிச்சு, வர்ற கதிரு பாதி பதராப் போயிரும். இது எனக்குத் தெரியாம இல்ல. ஒம்பது மணிக்கு எங்க மடையத் தொறந்து விட்டுட்டு வரப்புல உக்காந்தேன். பதினொண்ணு ஆச்சு. எந்திரிச்சு நாலு கொத்து மண்ணை இந்தப் பக்கம் போட்டு, அந்தப் பக்கம் நாலு கொத்து எடுத்து விட்டாப் போதும். அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை போனைப் பாத்துக்கலாம்னு தோணுச்சு. எங்கூட்டுக்காரரு போனு அவருகூடப் போயிருச்சு. ஆசை யாரை விட்டுது, என்ர போன்லயே தொறந்தேன்.

நோட்டீசுல இருந்த அதே ஊஞ்சலு. தொப்பி போட்டு அதே மாதிரி அவ உக்காந்திருக்கறா. காலுக்குக் கீழ கடலு.

நான் எந்திரிக்கல. பன்னெண்டுக்கு மேல அவளே கூப்பிட்டா, வீடியோவுல. ஸ்டேட்டஸ் பாத்தவங்கள்ல என்ர பேரு வந்ததும் கூப்பிட்டிருக்கறா. கேட்ட மொதக் கேள்வி அதுதான்.

"ஏனுங்க அக்கா, தண்ணி பாஞ்சுதுங்களா?"

"பாஞ்சுட்டிருக்குது"ன்னு சொன்னேன். பொய்யின்னும் சொல்ல முடியாது, எங்க வயலுல பாஞ்சுட்டுத்தான இருந்துச்சு. அவ மூஞ்சி தெளிஞ்சுருச்சு. போனைத் திருப்பிக் கடலைக் காட்டினா. அலை வந்து வந்து போகுது. நீங்களும் ஒருக்கா வரோணுமுங்க அக்கா, உங்களுக்கெல்லாம் ரொம்பப் புடிக்கும்னா. நான் மம்பட்டியக் கையில எடுத்துட்டுத்தான் பேசிட்டிருந்தேன். இன்னும் முக்கா மணி நேரம் பாக்கி இருந்துச்சு, அதுல பாதி வயலாவது நனைஞ்சிருக்கும். ஆனா அந்த 'உங்களுக்கெல்லாம்' இருக்குதே, அது நெஞ்சுல வந்து குத்துச்சு. எங்களுக்கெல்லாம்னா என்ன, நாங்க என்ன கெணத்துத் தவளையா? மம்பட்டியக் கீழ போட்டுட்டு மறுக்கா உக்காந்துட்டேன். மணி ஒண்ணு ஆச்சு. கீழ்வயல்காரரு வந்து தண்ணியத் திருப்பிட்டுப் போனாரு. சின்னவ வயலைப் பாத்துட்டு என்னையும் ஒரு பார்வை பாத்தாரு.

ஊட்டுக்கு வந்து சோத்துல கை வெச்ச பொறவுதான் நான் பண்ணுன காரியம் எனக்கே உறைச்சுது. வயலைக் காய விட்ட பொம்பளைன்னு ஊருல ஒரு பேரு வந்தா அது சாகற வரைக்கும் போகாது. அதைவிட, அவ நெல்லு. நாத்து நட்டப்ப நானும் கூட எறங்கி நட்ட நெல்லு. பயந்து போயி எங்க கெணத்து மோட்டாரைப் போட்டு, குழாயை வரப்புக்கு மேல இழுத்து அவ வயலுல விட்டேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் கரண்டு இருந்த நேரமெல்லாம் ஓட்டினேன். எங்க தென்னங்கன்னு வாடிருச்சு, கெணத்துல தண்ணி எறங்கிருச்சு. எங்கூட்டுக்காரரு கேட்டாரு. கனால் தண்ணி அவங்களுக்குப் பத்தலைன்னேன். என்ர மூஞ்சியவே பாத்தாரு, விட்டுட்டாரு. சனிக்கெழமை பொழுது எறங்கறப்ப அவ வயலு நல்லாவே நனைஞ்சிருந்துச்சு. தப்பிச்சேன்டா சாமின்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கெழமை காலையில காரு வந்து நின்னுது. சின்னவ ஊட்டுக்குள்ள போகல. பூப்போட்ட சட்டையோட, தொப்பிகூடக் கழட்டாம நேரா வயலுக்குப் போனா. நாலு நாளு வெளியூரு போயிட்டு வந்தா நாங்க எல்லாரும் அப்படித்தான். நானும் பின்னால போனேன், பயணம் எப்படி, வெயிலு எப்படின்னு பேசிட்டே. அவ குனிஞ்சு ஒரு நெல்லுத் தாளை வெரலால தடவிப் பாத்தா.

அப்பத்தான் எனக்கு உயிரு போச்சு. கனால் தண்ணி வண்டலோட செவப்பா வரும். பாஞ்சு வத்துனா ஒவ்வொரு தாளுலயும் ஒரு சாண் உசரத்துக்குச் செவந்த கோடு நிக்கும். மழை பேஞ்சாத்தான் அது கழுவிப் போகும். எங்க கெணத்துத் தண்ணி கண்ணாடி. அவ வயலுத் தாளு பூராப் பச்சையா இருந்துச்சு. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்க வயலுல கோடு வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு உசரத்துல நிக்குது. இருபது வருசமா வயலுல நிக்கற எனக்கு இது தோணலீங்களே. எழுதிக் குடுத்த மாதிரி அவ கண்ணு முன்னால நிக்குது.

ரெண்டு பக்கமும் பாத்தா. நிமுந்தா. கெணத்துல எத்தனை தண்ணி கெடக்குதுங்க அக்கான்னு மட்டும் கேட்டா. ரெண்டு முழம்னேன். சரிங்கன்னா. ஊட்டுக்குப் போனதும் பொட்டியத் தொறந்து எனக்கு ஒரு ஓலைத் தொப்பியும் பூப்போட்ட துணியும் எடுத்துக் குடுத்தா. அவ்வளவுதான். கொழுந்தனாருகிட்டயும் சொல்லல, ஊருலயும் சொல்லல. நெல்லும் பழுதில்லாம வெளைஞ்சுது. என்ர முடியப் புடிச்சு நாலு வார்த்தை கேட்டிருந்தா நானும் நாலு கேட்டு, அழுது, தீந்திருக்கும். அவ கம்முனு இருந்ததுல நான் ஒரு வருசம் அவ மூஞ்சியப் பாக்க முடியாமத் திரிஞ்சேன்.

அடுத்த வருசம் அவளே எங்கூட்டுக்காரருகிட்டப் பேசினா. மாமா, அக்காவ ஒருக்காக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லி அந்த மனுசனைச் சம்மதிக்க வெச்சுட்டா. நான் எத்தனை கேட்டும் நகராத ஆளு அவ ஒரு தடவை சொன்னதும் சரின்னுட்டாரு, அதுலயும் எனக்கு எரிச்சல். எங்களை அந்த மாடி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனதும் அவதான். டிராவல்ஸ்காரப் பையன் மலையாளமும் தமிழும் கலந்து, கடல் தெரியற ரூமு வேணுமா, தோட்டம் பாத்த ரூமு போதுமான்னு கேட்டான். போன வருசம் இவங்க எதுல இருந்தாங்கன்னு நான் கேட்டேன். தோட்டம்னான். அப்ப எங்களுக்குக் கடல் போடுன்னேன். சின்னவ சிரிச்சா. பையன் தேதியச் சொன்னதும் அவ வெரலு விட்டு எண்ணிப் பாத்தா. போற நாளுல ஒரு முறைத்தண்ணி வந்துச்சு.

"நீங்க போயிட்டு வாங்க அக்கா. தண்ணி நான் பாத்துக்கறனுங்க."

தேதிய மாத்துன்னு சொல்ல வாய் வந்துச்சு. எப்படிச் சொல்றது? சரின்னேன்.

போனோமுங்க. கடல் தெரியற ரூமு, கட்டிலுல பூவு, காகிதப் பூக் குத்துன எளநி. அந்த ஊஞ்சலுலயும் உக்காந்தேன், அவ உக்காந்த மாதிரியே, அவ குடுத்த தொப்பியப் போட்டுட்டு. படத்தை ஸ்டேட்டஸ் போட்டேன். அன்னைக்கு எங்க ஊருல முறைத்தண்ணி நாளு. கடற்கரைக்குப் போற வழியில ஒரு பொம்பள வாய்க்காலுல புல்லும் மண்ணும் வெச்சு மடை கட்டிட்டிருந்தா. காரை நிறுத்தச் சொல்லிப் பாத்தேன். அந்த ஊருலயும் அப்படித்தான் கட்டறாங்க. அதுக்கப்புறம் எனக்குக் கடலு கண்ணுல படல. ஸ்டேட்டஸ் யாரு பாத்தாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். சொசைட்டிக்காரி பாத்துட்டா, பொள்ளாச்சியில என்ர தங்கச்சி பாத்துட்டா. சின்னவ பேரு இல்ல. எங்கூட்டுக்காரரு முழங்காலு வரைக்கும் தண்ணியில நின்னுட்டு, வா, நல்லாருக்குதுன்னு சின்னப் புள்ளையாட்டம் கூப்பிடறாரு. நான் மணலுல உக்காந்து போன் போட்டேன்.

தண்ணி பாஞ்சுதான்னு கேட்டேன்.

"பாஞ்சுட்டிருக்குதுங்க அக்கா."

நான் சொன்ன அதே வார்த்தை. வீடியோவுல அவ மூஞ்சியும் அதுக்குப் பின்னால ஆகாசமும்தான் தெரிஞ்சுது. வயலைக் காட்டுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக் கேக்கறது? கடலு எப்படிங்கன்னு அவ கேட்டா. நல்லாருக்குதுன்னு வெச்சுட்டேன். மிச்ச ரெண்டு நாளும் நான் எதைத் தின்னேன், எங்க போனேன்னு இன்னைக்கும் தெரியாது.

ஊருக்கு வந்து காரை விட்டு எறங்குனதும் பொட்டிய அப்படியே விட்டுட்டு வயலுக்குத்தான் ஓடினேன். குனிஞ்சு பாத்தேன். தாளுக்குத் தாளு செவந்த கோடு, கடைசி வரப்பு வரைக்கும். அந்தப் பக்கம் அவ வயலுலயும் பாத்தேன். ரெண்டும் ஒரே உசரம். அளந்து விட்ட மாதிரி, ஒரு வெரல் கூடுதலும் இல்ல, கொறைவும் இல்ல.

நான் நிமுந்து பாத்தா, சின்னவ வரப்புல நிக்கறா. நான் வந்து பாப்பேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. வாங்க அக்கா, காப்பி குடிக்கலாம்னு மட்டும் சொல்லிட்டு முன்னால நடந்தா. அவ பாலிக்குப் போனப்பக்கூட, அன்னைக்கு அந்த வரப்புல பட்ட அளவுக்கு நான் அவ மேல பொறாமைப்பட்டதில்லீங்க.