காதண்ணனுக்குக் கேட்காத சத்தம்

அவரைத் தொழிலில் எல்லோரும் காதண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸோடு சரி. டைல்ஸ் கடைக்குச் சரக்கு அடிக்கிற பிக்கப், சொந்த வண்டி. மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, கொஞ்சம் கேளுங்க" என்பார்கள். இவர் பானட்டைக்கூடத் திறக்கச் சொல்லமாட்டார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வீல் பேரிங், இடது பக்கம்" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பெருமையில் மனுஷன் எந்தக் கணக்கும் வைத்துக்கொள்வதில்லை. அதிலும் கிரௌன் ஆயில் விஷயத்தில் ரொம்ப மோசம். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை தொங்குமே, அதற்குள் இருக்கிற பல்சக்கரங்கள் முங்கிக் கிடக்கும் எண்ணெய் அது. எப்போது மாற்றுவது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சத்தம் மாறினா மாத்து. அதுவே வாயைத் திறந்து சொல்லும்."

மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்தது. தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அப்பா வண்டியிலேயே போவதென்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முதல் நாள் கட்டில் வாங்க அவரும் மனைவியும் மகளுமாகப் புறப்பட்டார்கள். பெரிய சாலையில் வேகம் பிடித்ததும் மகள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, பின்னாடி என்ன ஊய்ய்னு கேக்குது?"

"காத்தா இருக்கும்மா."

"காத்து இல்லப்பா. மிதிச்சா கத்துது, காலை எடுத்தா நின்னுடுது."

மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அது ரொம்ப நாளாக் கத்துது. உங்களுக்குத் தெரியாததா, ஏதோ யோசனையோடதான் விட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு என்ஜின் கேட்டது. டயர் ஓடுவது கேட்டது. அந்த ஊய் மட்டும் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். மிதித்தார், விட்டார். ஒன்றுமில்லை. நாளைக்கு இதே வண்டியில், முதுகு நிறையப் பாரத்தோடு, பெண்ணையும் வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டும்.

கட்டில் கடைக்குப் போகாமல் வண்டியை மைத்துனனின் பட்டறைக்குத் திருப்பினார்.

"வாங்க மச்சான்! ஊருக்கே வைத்தியம் பாக்கிறவரு, வழி தவறி வந்துட்டீங்களா?"

"கிரௌனைப் பாருடா."

"என்ன சத்தம் கேட்டுச்சு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் மகளைப் பார்த்தார்.

"எனக்கு எதுவும் கேக்கலடா. இவங்களுக்குத்தான் கேட்டுச்சு."

மைத்துனன் கிண்டலுக்கு வாயெடுத்தவன், மச்சான் முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். முதலில் ஆயில் ஊற்றும் மேல் திருகைக் கழற்றிப் பார்த்துக்கொண்டான். கீழே வடித்துவிட்டு மேல் திருகு வராமல் போனால் வண்டி அங்கேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான். பிறகு கீழ்த் திருகைத் திறந்தான். தார் மாதிரி ஒழுகியது, தீய்ந்த நாற்றத்தோடு. திருகின் காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புத்தூள் மையை விரலில் எடுத்து நசுக்கினான்.

"துண்டு எதுவும் இல்ல. பல்லு பொழச்சுது. பேரிங்தான் போச்சு. நாளைக்கு மலையை மறந்துடுங்க, பிரிச்சாகணும்."

"திங்கக்கிழமைதான் வேலைல சேரணும். ஞாயித்துக்கிழமை போனாப் போதும்" என்றாள் மகள்.

காதண்ணன் பட்டறை வாசலில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். "ஏன்டா, இதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?" என்று கேட்டார்.

"சும்மா ஓடுற வண்டின்னா நாப்பது, அம்பதாயிரம். டைல்ஸ் சுமக்கிறதுக்கு அதுல பாதியிலயே மாத்திடணும். அச்சு தண்ணில முங்கிச்சுன்னா கிலோமீட்டரே பாக்கக்கூடாது, உடனே திறந்து பாத்துடணும். உங்களுதை எப்ப மாத்தினீங்க?"

அவர் எழுந்து போய், வடித்த எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, புதுப் பேரிங்கும் புது ஆயிலுமாக, மலையில் கட்டிலும் பீரோவும் பின்னால் குலுங்க வண்டி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும், "இப்பக் கேக்குதா?" என்றார்.

"கேட்டா நானே சொல்றேன். நீங்க ரோட்டைப் பாருங்கப்பா."

"இறக்கி வெச்சுட்டு ஊருக்குத் திரும்பினதும் மொத வேலை, காது டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் மனைவி.

அவர் கியரைக் குறைத்தார். அவள் அவர் காதருகே குனிந்து அதையே இன்னும் உரக்கச் சொன்னாள்.

"கேட்டுச்சுடி" என்றார். "போலாம்."