நாலு தரம் போட்ட பாட்டு

போன சனிக்கிழமை, இங்கே ஜேர்மனியில், ஹம் நகரில், என் தங்கையின் மகள் வீட்டில் பிறந்தநாள். அவளுடைய மகனுக்கு ஏழு வயது. பெறாமகளென்றாலும் அவள் எனக்கு மகள்தான். சமையல் முடிந்து ஆட்கள் வந்து நிறைந்த நேரத்தில் பாட்டால் பிரச்சினை வந்தது. பள்ளிக்கூடத்து டொச்சு மொழிப் பாட்டைப் போட்டால் தாய் தகப்பன்மார் காதைப் பொத்திக்கொண்டு பல்கனிக்குப் போகிறார்கள். அவர்களுடைய உருக்கமான பாட்டைப் போட்டால் பிள்ளைகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார்கள்.

"பெரியம்மா, பழசிலை நல்ல துள்ளலா ஒண்டு சொல்லுங்கோ. பொடியளும் ஆடவேணும், நாங்களும் இருந்து கேக்கவேணும்" என்றாள் பெறாமகள், கைபேசியை நீட்டிக்கொண்டு.

நான் படித்தது கொஞ்சம். ஆனால் பாட்டு விஷயத்தில் என்னை வெல்ல இந்த ஹம்மில் ஆள் இல்லை, அதை நானே சொல்வேன். கேட்ட மாத்திரத்தில் பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை. எழும்பினேன், இருந்தேன், யன்னலடிக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

"கீழ்வீட்டிலை தனிய இருக்கிற மனிசிக்குச் சுகமோ பிள்ளை? மூண்டு நாளாக் காணேல்லை."

"படியிலை கடதாசி ஒட்டியாச்சு, பெரியம்மா. இண்டைக்குச் சத்தம் வரும், மன்னிக்கோணும் எண்டு எழுதியிருக்கு. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை."

"கடதாசியை வாசிக்க மனிசி வெளியிலை வரவேணுமெல்லோ?"

"ஐயோ, நீங்கள் பாட்டைச் சொல்லுங்கோவன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதற்குக் காரணம் எனக்கு எட்டோ ஒன்பதோ வயதாக இருந்தபோது நடந்த ஒரு கலியாணம்.

எங்கள் மாமிக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, இரண்டு தரம் கலியாணத்துக்கு நாள் வைத்து இரண்டு தரமும் தள்ளிப்போனது. இரண்டு தரமும் சொந்தத்துக்குள் சாவு. சாவுச் செய்தி காதில் விழுந்தால் துடக்கு, தீட்டு. துடக்கு வந்தால் முப்பத்தொரு நாளுக்கு நல்ல காரியம் ஒன்றும் செய்ய ஏலாது. மூன்றாம் தரமும் தவறினால் தாங்கள் வேறு இடம் பார்ப்பதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க, வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டாலே மாமி திடுக்கிட்டார்.

பக்கத்து வளவில் இருந்தது சித்தப்பா குடும்பம். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வேலியின் கதியால் தடிகளை அரை முழம் தள்ளி நட்டதில் வந்த சண்டை, மூன்று வருடமாகப் பேச்சில்லை. சித்தப்பா பாயோடு கிடக்கிறார் என்று கேள்விப்பட்டும் அப்பா எட்டிப் பார்க்கவில்லை. கலியாணத்துக்கும் சொல்லவில்லை. அது போதாதென்று, கலியாணத்துக்கு முதல்நாள் லவுட்ஸ்பீக்கர் செற்காரர் மாமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டியபோது, "வாயை அங்காலை திருப்பிக் கட்டு, நல்லாக் கேக்கட்டும்" என்று அப்பா வேறு சொன்னார்.

நான் செற்காரரின் பெட்டியடியில் போய் ஒட்டிக்கொண்டேன். இசைத்தட்டின் நடுவில் எழுதியிருந்ததை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தாளின் நிறத்தையும் ஓரத்து வெடிப்பையும் வைத்து எது எந்தப் பாட்டென்று ஒரு பின்னேரத்துக்குள் பிடித்துவிட்டேன். "அப்ப நீயே எடுத்துத் தா மோனை, எனக்குக் கண் மட்டு" என்றார் அவர். அன்று எனக்கு வந்த பெருமை மணப்பெண்ணுக்குக்கூட வந்திராது.

சாமிப் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் எல்லாம் மாட்டுக் கொட்டில் பக்கம் ஓடிவிட்டன. படத்து ஆட்டப் பாட்டை எடுத்துக் கொடுத்தேன், அப்பா பந்தலுக்குள் நின்று, "உதை நிப்பாட்டு! இது கலியாண வீடோ கூத்துக் கொட்டகையோ?" என்று கத்தினார். இன்னொன்று பிழைத்தால் என்னைக் கலைத்துவிடுவார். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். சிவப்புத் தாள் ஒட்டிய, ஓரத்தை யாரோ கடித்ததுபோல உடைந்த ஒரு தட்டு வந்தது. தகப்பனும் மகளும் மாட்டு வண்டிலில் சந்தைக்குப் போகிறபோது ஒருவரை ஒருவர் கேலி பண்ணிப் பாடுகிற பாட்டு. நடுநடுவே கைதட்டல், சதங்கை.

பிள்ளைகள் கொட்டிலில் இருந்து ஓடி வந்து துள்ளின. காய் வெட்டிய பெண்கள் வெட்டுகிறதை விட்டுவிட்டுத் தலையாட்டினார்கள். முகத்தை ஒருமாதிரி வைத்திருந்த அப்பாவின் கால் பெருவிரல் ஆடியதை நான் கண்டேன். பிறகென்ன, கலியாண வீடே என் கையில் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் வரப் பிந்தியதால் மாமி உள்ளே தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். நான் பெட்டியடிக்கும் கிணற்றடிக்குமாக ஓடித் திரிந்தேன். அப்போது வேலி ஓலையை விலக்கிக்கொண்டு ஒரு குரல் கூப்பிட்டது. சித்தப்பாவின் மனைவி, எங்கள் சின்னம்மா.

"பிள்ளை, இஞ்சை வா. அந்த வண்டில் பாட்டு, அதைத் திருப்பிப் போடச் சொல்லு. சத்தத்தையும் கூட்டச் சொல்லு. தாலி கட்டுமட்டும் நிப்பாட்டக் கூடாது, கேட்டியோ?"

"உங்களுக்கும் பிடிச்சிருக்கோ சின்னம்மா?"

"ஓம், ஓம். நல்ல பாட்டு. நான் கேட்டதெண்டு அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. ஓடு."

ஓடினேன். மேளகாரர் வாசித்து ஓய்கிற நேரமெல்லாம் அதே சிவப்புத் தட்டுத்தான். நாலு தரம் போட்டாயிற்று.

"ஊசி தேயுது மோனை. வேறை தட்டே இல்லையோ?" என்றார் செற்காரர்.

"ஆக்கள் கேக்கினம்" என்றேன், பெரிய மனிசிபோல.

மாப்பிள்ளை வந்தார். கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறிய பிறகுதான் மாமி தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். முதல் பந்திக்கு இலை போட்டு, அப்பா சோற்றுக் கடகத்தோடு நின்றபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி எழும்பியது. சித்தப்பா விடியப்புறமே போய்விட்டார். செய்தி எங்கள் காதில் விழாதமட்டும் எங்களுக்குத் துடக்கில்லை என்பது சின்னம்மாவுக்குத் தெரியும். அழ வேண்டிய வீட்டை அவ்வளவு நேரமும் வாயை மூடி வைத்திருந்திருக்கிறார். மூடியும் அடங்காத சத்தத்தை மறைக்கத்தான் என் பாட்டு.

அப்பா கடகத்தை அப்படியே கீழே வைத்தார். படலையால் சுற்றிப் போகவில்லை. வேலியை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டு உள்ளே போனார். அந்த இடத்தை அவர் பிறகு அடைக்கவேயில்லை. செற்காரர் ஐந்தாம் தரம் ஓடத் தொடங்கியிருந்த தட்டில் இருந்து ஊசியைத் தூக்கினார். எனக்கு அப்போது வந்தது கோபம்தான், பாதியில் நிறுத்திவிட்டாரே என்று. இந்த விபரமெல்லாம் நான் பெரியபிள்ளையான பிறகுதான் எனக்கு விளங்கியது. அதன் பிறகு அந்தப் பாட்டை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

சனிக்கிழமையும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். "எங்கை பெரியம்மா போறியள்?" என்று பெறாமகள் பின்னால் கத்தினாள். கீழ்வீட்டு மணியை அடித்தேன். சத்தமில்லை. இன்னொரு தரம் அடித்தேன். கதவில் காதை வைத்துப் பார்த்தேன்.

கதவு திறந்தது. மனிசி வீட்டுச் செருப்போடு நின்றார். எசன் நகரில் தன் தங்கை வீட்டில் நின்றுவிட்டு அப்போதுதான் வந்தாராம். கையில் படியில் ஒட்டிய கடதாசி. எனக்குத் தெரிந்த நாலு டொச்சுச் சொல்லில் சுகமா என்று கேட்டேன். சுகமென்று சொல்லிவிட்டு, கடதாசியைத் தட்டிக் காட்டி, பாட்டு எங்கே என்று கேட்டார்.

மேலே வந்து, "இப்ப போடு பிள்ளை" என்று பாட்டைச் சொன்னேன். அவள் தேடிப் பிடித்துப் போட்டாள். பிள்ளைகள் அறையைத் திறந்துகொண்டு வந்து துள்ளின. பல்கனியில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். பெறாமகளின் புருஷன் கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆடினான். "இன்னொருக்காப் போடட்டோ பெரியம்மா?" என்று கேட்டார்கள். போடச் சொன்னேன்.

நான் யன்னலடியில் போய் நின்றேன். சின்னம்மா அன்று என்னை ஓடச் சொன்ன பிறகும் வேலியை விட்டுப் போகவில்லை. பெட்டியடியில் இருந்து நான் திரும்பிப் பார்த்தேன். பாட்டுத் தொடங்கியதும் அந்தப் பக்கத்து வேலி ஓலை விடாமல் ஆடியது. கதியாலைப் பிடித்துக்கொண்டு தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். எங்களோடு கோபமாக இருந்த சின்னம்மாவுக்கும் என் பாட்டுப் பிடித்துவிட்டதே என்ற சந்தோசத்தில், நானும் வேலியைப் பார்த்துக் கைதட்டினேன்.