குறைந்த ஆறு பக்கங்கள்

குருத்து ஞாயிறு காலையில், கையில் குருத்தோலையோடு எங்கள் பங்கு மக்கள் மொத்தமும் எழுந்து நின்று, தவக்காலச் சிந்தனைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து "நாளை நம் ஆண்டவர் உயிர்த்தெழுகிறார்" என்று சத்தமாக வாசித்தோம். வாசித்து முடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உயிர்ப்புக்கு இன்னும் முழுதாக ஒரு வாரம் கிடக்கிறது. பெரிய வெள்ளியே வரவில்லை. பின்வரிசையிலிருந்து ரொட்டிக் கடைக்காரர், "இன்னும் சிலுவையிலயே ஏறல, அதுக்குள்ள கல்லறையைத் திறந்துட்டீங்களே" என்றார். கோயில் என்றும் பார்க்காமல் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற என் நாத்தனார் சிரிக்கவில்லை. அந்தப் புத்தகத்துக்கு நாள் பிரித்தவரே அவர்தான்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை. இருபத்தாறு வருடமாக, வார்டிலிருந்து இறங்கும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் எண்ணி வாங்கி, துவைத்து, எண்ணித் திருப்பி அனுப்புகிறவர். பேசிக்கொண்டே எண்ணுவார், திட்டிக்கொண்டே எண்ணுவார், ஒன்று கூடாது, குறையாது. அங்கே ஒரு சட்டம் உண்டு. உருப்படி குறைந்தால் எண்ணினவர்தான் தேடித் தர வேண்டும், அதுவரை வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவரும் சாட்சாத் இவரே.

அதனால்தான் உயிர்ப்புக்கு முந்தின தவக்காலத்துக்குச் சிந்தனைப் புத்தகம் போடலாம் என்று செபக்குழுவில் பேச்சு வந்ததும், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இவரிடம் கொடுத்தோம். நாற்பது நாள், நாற்பது பேர், ஆளுக்கு ஒரு பக்கம்: சின்னதாக ஒரு சிந்தனை, கீழே ஒரு செபம். தேதி கிடையாது, முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் மட்டும். நாற்பது பேரையும் விரட்டி விரட்டி வாங்கினாரே தவிர, தனக்கென்று ஒரு நாளை எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "எனக்குக் கடவுள்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்?

பூசை முடிந்து சாமியார் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை கணக்குல வராதும்மா. அது உயிர்ப்பு நாள், அன்னிக்குத் தவம் கிடையாது. ஞாயிறை விட்டுட்டு எண்ணினாத்தான் நாப்பது. நீங்க சேர்த்து எண்ணிட்டீங்க. நானும் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பார்த்திருக்கணும்."

ஆறு ஞாயிறு. ஆறு பக்கம் குறைவு. அதுவும் எந்த ஆறு? வருடத்திலேயே பெரிய வாரம், திங்கள் முதல் சனி வரை, வாசிக்க ஒரு வரி கிடையாது. யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஆறுதல் சொல்லப் போனேன்.

"யானையை விடு. ஆறு உருப்படி குறையுது. எண்ணினது நான். நானே தர்றேன்" என்றார் அண்ணி.

"அண்ணி, நீங்க சீட்டுல நம்பரைத் தவிர வேற என்ன எழுதியிருக்கீங்க?"

"உன் ஜெராக்ஸ் கடையை நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்குத் திறந்து வை."

திறந்து வைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை வாசகம், ஒரு பெண் ஆண்டவருடைய பாதத்தில் நறுமணத் தைலத்தை ஊற்றித் தன் கூந்தலால் துடைப்பது. அண்ணி எழுதியிருந்தார்: "எண்ணெய் லேசில் போகாது. எத்தனை அலசினாலும் வாசம் நிற்கும். வெள்ளிக்கிழமை அவரை அடித்தபோதும் இவள் தலைமுடியில் அந்த வாசம் இருந்திருக்கும். ஆண்டவரே, உம்மைத் தொட்டது எங்களை விட்டுப் போகாமல் இருக்கட்டும்."

நூற்றிருபது பிரதி எடுத்தேன், ஏழு மணிக்குள் தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கடை திறக்கும் முன்பே வாசலில் ஆள் நிற்கிறது. ரொட்டிக் கடைக்காரர் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு தாள் தர வேண்டும் என்று கட்டாக வாங்கிப் போனார். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத டாக்ஸிக்காரர் ஒருவர், "அந்தத் துணிக்கார அம்மா இன்னிக்கு என்ன எழுதியிருக்காங்க?" என்று வண்டியை நிறுத்திக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர் என் நாத்தனாராக்கும் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னேன். அவரோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன், அதெல்லாம் அந்த வாரம் ஞாபகத்திலேயே இல்லை.

வியாழனுக்கு எழுதியதை வாசித்துவிட்டு நான் சிரித்து, அழுது, இரண்டும் செய்தேன். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவித் துடைத்த நாள் அது. "பன்னிரண்டு பேருக்கும் ஒரே துண்டு. மூன்றாவது ஆளுக்கே நனைந்து போயிருக்கும். கடைசி ஆளுக்குக் கால் காய்ந்தே இருக்காது. ஆண்டவரே, நான் அந்தக் கடைசி ஆள். ஈரக் காலோடேயே உம் பின்னால் வருகிறேன்."

சனிக்கிழமைப் பக்கத்தைக்கூட முன்னாடியே கொடுத்துவிட்டார். வெள்ளி மட்டும்தான் பாக்கி. வியாழன் மதியம் வேலை முடிந்து மூன்று மணிக்குக் கடைக்கு வந்தார். கையில் சீட்டு வெறுமையாக இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணும் வரல. சாமியாரையே எழுதச் சொல்லிடு."

"அஞ்சு நாளைக்கு எழுதிட்டு இப்ப கழண்டுக்கிறீங்களா? ஒண்ணு குறைஞ்சாலும் குறைஞ்சதுதான். ஊரே காத்துக்கிட்டிருக்கு அண்ணி." எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அவர் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். பதினோரு வருடத்துக்கு முன் அவர் வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். அது எனக்குத் தெரியும். அன்றைக்கு நடந்தது தெரியாது.

"பத்து மணிக்கு மாடியில உயிர் போச்சு. உடம்பைக் குடுக்க மூணு மணி ஆகும்னாங்க. எங்க உட்கார்றதுன்னு தெரியாம கீழ என் எடத்துக்கே போயிட்டேன். வார்டுலேருந்து வண்டி இறங்குச்சு. எண்ணினேன். பதினேழு விரிப்பு. அதுல ஒண்ணு அவரோடது. காலையில நான் பால் ஊட்டும்போது சிந்தின கறை ஓரத்துல இருந்தது. யார்கிட்டயும் சொல்லல. பதினேழுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வாரம் எழுதினதெல்லாம் ஊருக்காக; அன்னியிலேருந்து அவர்கிட்ட நான் பேசறதில்ல." கையை மேலே காட்டினார்.

நான் பேனாவை எடுத்தேன். "மேல இருக்கறவர்கிட்ட பேச வேண்டாம் அண்ணி. மாதாகிட்ட பேசுங்க. நான் எழுதறேன்."

மெதுவாகச் சொன்னார். சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மாதாவே, உங்க மகனைச் சிலுவையிலேருந்து இறக்கினப்ப ரத்தம் பட்ட துணி இருந்திருக்கும். அதை யார் துவைச்சாங்கன்னு வேதத்துல இல்ல. நீங்கதான் துவைச்சிருப்பீங்க. வேற யார்கிட்டயும் குடுத்திருக்க மாட்டீங்க. நானும் துவைச்சேன். அதனால எனக்குத் தெரியும். ஆமென்."

பதினோரு வருடமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வாசலில் நின்ற வாடிக்கையாளர் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படி" என்றார்.

படித்தேன்.

"துவைச்சேன்கிறதுக்கு முன்னாடி, கையாலன்னு சேர்த்துக்கோ" என்றார். "மத்த பதினாறும் மெஷின்ல போட்டேன். அதை மட்டும் போடல."