வெளியாளுக்குத்தான் கூலி

வெளிநாட்டுப் பெரிய கால்பந்து கிளப் ஒன்றில் கேலரி கூட்டுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் கட்டுப்படியாகிற சம்பளம் கேட்கிறார்களாம். பேரன் கைப்பேசியில் வாசித்துக் காட்டினான். ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு வாரத்துக்குக் கொடுப்பதில் எத்தனை பேருக்கு எத்தனை வருடம் சம்பளம் போடலாம் என்று வழக்கம்போல் மனக்கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன். சித்தப்பாவின் முகம் குறுக்கே வந்து நின்றது.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பா தென்காசியில் ஒரு கால்பந்து கிளப்பின் செக்ரட்டரி. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எங்களுக்கு டோர்னமெண்ட் தொடங்கும். செங்கோட்டை வழியாக, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்குவார்கள். டிக்கெட் கிழிக்கிறவருக்குக் காசு உண்டு, மைக் செட்டுக்காரருக்கு உண்டு, ரெப்ரிக்கு உண்டு. மைதானத்தைப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவுக்கு மட்டும் கிடையாது. புல் வெட்டுவது, பள்ளத்தில் மணல் போடுவது, சேறு படிந்த பனியன்களைத் துவைத்து, வெயிலே இல்லாத அந்தச் சாரல் நாட்களில் எப்படியோ உலர்த்திக் கொடுப்பது எல்லாம் அவர்தான். சாரலில் சுண்ணாம்புக் கோடு கரைந்துபோகும். இடைவேளையில் வாளியோடு ஓடி மறுபடியும் போடுவார்.

காசு கொடுக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் அப்பாவுடைய சித்தப்பாவின் மகன். கூலி கொடுத்து நெல் அறுத்த குடும்பம் எங்களுடையது. சொந்தக்காரன் கையில் கூலியை வைத்தால் அது அவனை அவமதிப்பது என்பது வீட்டுச் சட்டம். சித்தப்பாவின் பங்கு வயல் எப்போதோ கைமாறிவிட்டது. சட்டம் மாறவில்லை. எனவே வருடந்தோறும் இறுதி ஆட்டத்தன்று அவரை மேடையேற்றி, சிறப்பு விருந்தினர் கையால் ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். மேடையிலும் எங்கள் ஆள், மைதானத்திலும் எங்கள் ஆள் என்று நான் கை வலிக்கத் தட்டுவேன்.

இப்படி நாலு பொன்னாடை ஆயிற்று. ஐந்தாவது வருடம், இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, இந்த வருசம் துண்டு வேண்டாம். கூலியா குடுத்திருங்க. அடுப்படிக்கு ஓடு மாத்தணும். ஒரு கையில கொடயப் புடிச்சிக்கிட்டுல்லா சோறு பொங்குதா எம் பொண்டாட்டி.”

“கூலியா? ஏலே, நீ என்ன வெளியாளா? தம்பிக்கே கூலி குடுக்கான்னு ஊரு சிரிக்காதா?”

“ஒழுகுத வீட்டப் பாத்து இப்பமே சிரிக்கத்தாம்ணே செய்யுது.”

“நாளைக்கு வாரவரு பெரிய ஆளுலே. நல்ல ஜரிகத் துண்டா வாங்கி வச்சிருக்கேன்.”

“அப்பம் அத வச்சே ஓட்டைய அடச்சிருவோம்” என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பாவும் சிரித்தார். பேச்சு முடிந்தது என்று நினைத்திருப்பார்.

மறுநாள் மைதானத்தின் மூலைக் கம்புகளில் வழக்கமான சிவப்புத் துணி இல்லை. நாலு கம்பிலும் நாலு வருடத்துப் பொன்னாடைகள் சாரல் காற்றில் படபடத்தன. கூட்டம் விசிலடித்தது. “எங்க சித்தப்பாவுக்குப் போட்ட துண்டாக்கும்” என்று பக்கத்துப் பையன்களிடம் பீற்றிக்கொண்டேன். சிறப்பு விருந்தினர் அலங்காரம் பிரமாதம் என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவின் முகம் ஏன் அப்படி வெளிறிப்போயிருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஆட்டம் முடிந்து பரிசளிப்பில், விருந்தினர் ஐந்தாவது பொன்னாடையை விரித்தார். சித்தப்பா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“இது எதுக்குய்யா? மைதானத்துக்கு மூல நாலுதான இருக்கு?”

பக்கத்தில் இருந்த மைக் அதை ஊருக்கே சொல்லிவிட்டது. கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நானும் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் உடம்பு கூசுகிறது. விருந்தினர் தமாஷ் என்று எண்ணிப் போர்த்தியேவிட்டார். சித்தப்பா அதை மடித்து, அப்பாவின் நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார்.

அடுத்த சாரலுக்கு அப்பா அவரைக் கூப்பிடவில்லை. கடையத்திலிருந்து ஒரு மேஸ்திரி ஆள் கூட்டிவந்தார். வெளியாட்கள் என்பதால் சாயங்காலமானால் மேசை போட்டு, அப்பா அவரவர் கையில் கூலியைக் கொடுத்துவிடுவார். ஒருநாள் நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். வரிசையின் கடைசியில், விரலெல்லாம் சுண்ணாம்போடு சித்தப்பா நின்றார். மேஸ்திரியிடம் பேசி அந்த ஆட்களோடு சேர்ந்திருக்கிறார்.

அவர் முறை வந்ததும் கையை நீட்டினார்.

“செக்ரட்டரி சார், எனக்கு.”

அப்பா தலையைத் தூக்கவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்ததையே கொடுத்தார்.

“வாரேன் சார்” என்று சித்தப்பா போனார். என்னைப் பார்த்தும் பாராதது போலத்தான் போனார். அதன் பிறகு அப்பாவை அவர் ‘அண்ணே’ என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா, சித்தப்பாவே இப்பம் அப்பாவ சார்னு கூப்பிடுதாரு!”

அம்மாவின் கை நின்றது.

“என்னன்னு கூப்பிட்டாரு?”

“செக்ரட்டரி சார்னு.”

கல்லில் கிடந்த தோசை கருகிக்கொண்டிருந்தது. அப்பா எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டார் என்பது இந்த அம்மாவுக்கு விளங்கவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பில் ஒரு பையன் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொன்னேன்.