மூன்றாவது அடி விழுவதற்குள்

என் அக்கா வீட்டுக்காரர் எக்ஸ்ரே எடுப்பவர். முப்பத்து நான்கு வருடங்கள் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறை, வாயில் ஒரே பாட்டு: "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. ம், விடலாம்." வீட்டிலும் அப்படித்தான். அக்கா கோபத்தில் கத்த ஆரம்பித்தால் "பிடி, பிடி" என்பார். அவள் சிரித்துவிடுவாள். சிரித்த பிறகு எங்கே சண்டை போடுவது?

குடி இல்லை, சீட்டு இல்லை. இருந்த ஒரே பைத்தியம் ஜப்பான்காரர்களின் தொழில்முறை மல்யுத்தம். பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை. தலைசிறந்த நூறு ஆட்டங்கள் எவை என்று வருடா வருடம் வரிசை போடுவார். நாற்பதாவது இடத்தில் இருந்த ஆட்டம் நாற்பத்து மூன்றுக்கு இறங்கிவிட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் எதையெல்லாம் தப்பாகப் பார்க்கும் என்பது தெரிந்து பிழைப்பவன். அதனால் அவரைச் சீண்டுவது என் உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, யார் ஜெயிக்கணும்னு அவங்க முன்னாடியே பேசி முடிச்சுடுவாங்களாமே?"

"கல்யாணத்தைக்கூடத்தான் பேசி முடிக்கிறோம், மச்சான். அதுக்காக அப்புறம் விழுற அடி வலிக்காம இருக்கா?"

வரிசை போட அவரிடம் கறாரான முறை ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்தையும் மூன்று தடவை பார்க்க வேண்டும். முதலில் முழுசாக. பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு. மூன்றாவது தடவை அடி வாங்குகிறவனை மட்டும். அடிக்கிறவன், நடுவர், கூட்டம் எதன் மேலும் கண் போகக் கூடாது. "அடிக்கிறவன் நடிச்சிடலாம். வாங்குறவனால முடியாது" என்பார். அந்த வருடம் திரும்பப் பார்க்காத ஆட்டத்துக்குப் பட்டியலில் இடமில்லை என்பது இன்னொரு விதி.

கடைசியாக ஸ்டாப்வாட்ச். ஒருவன் இன்னொருவனின் இரண்டு தோள்களையும் தரையோடு அழுத்திப் பிடித்தால், நடுவர் குனிந்து மேடையை மூன்று முறை கையால் அடித்து எண்ணுவார். மூன்றாவது அடி விழுவதற்குள் தோளைத் தூக்கிவிட்டால் ஆட்டம் தொடரும். இல்லாவிட்டால் தோல்வி. தோள் எழுவதற்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துளி நேரத்தை மாமா பத்துத் தடவை அளந்து சராசரி எடுப்பார். அது குறையக் குறைய ஆட்டத்துக்கு மதிப்பு கூடும்.

இருபத்தொன்பது வருடங்களாக முதலிடத்தில் இருந்தது ஒரே ஆட்டம். மஞ்சள் டவுசர் போட்ட ஒல்லியான ஒருவனுக்கும், காதைத் திருகிவிடுவார் போல முகம் இருக்கிற ஒரு பெரிய ஆளுக்கும் நடந்தது. ஜப்பானியப் பெயர்கள் வாயில் நுழையாததால் எங்கள் வீட்டில் அவர்கள் மஞ்சளும் வாத்தியாரும். ஒரு மணி நேரம் மோதி, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்த ஆட்டம். நாற்பத்தோராவது நிமிடத்தில் வாத்தியார் மஞ்சளை அழுத்திப் பிடிக்க, கதை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது மஞ்சளின் இடது தோள் எழும்.

அந்த ஆட்டம் அவர் கைக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே இயந்திரம் பூட்ட வந்த ஜப்பான் மெக்கானிக் ஒருவர், பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்த வீடியோ கேசட்டை ஊழியர் அறையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதே வாரம்தான் அக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து, காய்ச்சல் தலைக்கேறி, நாலு நாளாக நினைவில்லாமல் மேல்மாடியில் கிடந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் மாமா ஊழியர் அறையில் போய் உட்கார்ந்திருக்கிறார். யாரோ அந்தக் கேசட்டை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒன்று. இரண்டு. மஞ்சளின் தோள் எழுந்தது. அந்த நொடியில் நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "கண்ணைத் திறந்துட்டாங்க, வாங்க" என்றாள்.

அதனால்தான் அது முதலிடத்தில் இருந்தது. அதனால்தான் வரிசை போடும் வேலையே ஆரம்பித்தது என்றுகூடச் சொல்வேன். நோட்டில் முதல் வருடத்து அளவு: வினாடியில் நூற்றில் இருபத்தெட்டு பங்கு.

பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த இருபத்தெட்டு அசையவில்லை. பிறகு ஒரு வருடம் இருபத்தாறு. அடுத்து இருபத்து மூன்று. கேசட் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் குறுந்தகட்டில் ஏற்றினார். இருபத்தொன்று. அவருடைய விரல் தளர்ந்துவிட்டது என்றேன் நான். கணினியில் ஒவ்வொரு படமாக நிறுத்தி எண்ணினோம். பத்தொன்பது. மற்ற தொண்ணூற்றொன்பது ஆட்டங்களின் அளவும் மாறவில்லை. வேறு ஊரில் இவரைப் போலவே வரிசை போடும் தையல்காரர் ஒருவர் உண்டு. அவரிடம் இருந்த பிரதியை அளக்கச் சொல்லிக் கேட்டார். "எனக்கு இருபத்தெட்டுதாங்க வருது. உங்க வீட்டு டிவி கோளாறு" என்று அவர் சிரித்தார்.

டிவியை மாற்றினார். பதினான்கு.

மூன்று வருடங்களுக்கு முன்பு எண் எட்டுக்கு வந்தபோது மாமா என் கடைக்கு வந்தார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருந்த எழுத்துகளைப் பார்த்தபடி சொன்னார்.

"அவனுக்கு முடியல, மச்சான். வருஷா வருஷம் நான் போட்டுப் போட்டு அவனை எழுப்புறேன். அசந்து போயிட்டான். ஒரு நாள் எழுந்திருக்க மாட்டான்."

"எழுந்திருக்கலைன்னா என்ன மாமா? ஒரு ஆட்டம் தோத்துப் போவான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவைத்தான் சொல்கிறார் என்று எனக்கு அப்போது உறைத்தது. எனக்கு இருப்பது ஒரே அக்கா.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஊரெல்லாம் செய்கிற முட்டாள்தனம்தான். யாருடைய உயிரோ, அவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் கூடிப் பேசுவது.

சென்ற வருடக் கணக்கெடுப்புக்கு நானும் போய் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஆயிரக்கணக்கான பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊர்க் கூட்டம் அப்படித்தான், பரீட்சை எழுத வந்தது போல இருக்கும். மாமா தம் விதிப்படி மஞ்சளை மட்டும் பார்த்தார். எனக்கு விதி கிடையாது. நான் நடுவரைப் பார்த்தேன்.

பார்த்திருக்க வேண்டாம். மற்ற நடுவர்கள் எண்ணும்போது கன்னத்தைத் தரையோடு வைத்துத் தோளைப் பார்ப்பார்கள். இவர் தோளைப் பார்க்கவில்லை. கை மேடையில் இருந்தது, கண் எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, முதல் வருஷத்து நோட்டை எடுங்க" என்றேன்.

அதில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். இரண்டாவது அடியிலிருந்து தோள் எழும் வரை எண்பத்தொன்று. மூன்றாவது அடி வரை நூற்றொன்பது. மறுபடி அளந்தோம். தோள், எண்பத்தொன்று. இம்மி மாறவில்லை. மூன்றாவது அடி, எண்பத்து நான்கு.

"அவன் அசரல மாமா. அன்னைக்கு எழுந்த மாதிரியேதான் எழுந்திருக்கிறான். எண்ணுறவருக்குத்தான் அவசரம்."

இருபத்தொன்பது வருடங்கள் மாமா அடி வாங்குகிறவனையே கவனித்திருக்கிறார். எண்ணுகிற கையை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அதைச் சொல்லிக் காட்டும் தைரியம் எனக்கும் இல்லை. அவர் குறுந்தகட்டை எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"போட்டாத்தானே எண்ணுவான். இனிமே போட மாட்டேன்."

பத்துத் தடவையும் அளந்து முடிக்காத ஆட்டத்துக்கு இடமில்லை. அந்த வருடப் பட்டியலில் முதல் வரி வெற்றாக இருந்தது, கீழே இரண்டிலிருந்து ஆரம்பித்தது. எங்கள் தப்பு அங்கேதான். மாமாவின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். வருடா வருடம் பட்டியலை அழகாகப் பிரதி எடுத்துத் தருகிறவள் அக்கா.

வெற்று வரியைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. குறுந்தகடு கெட்டுப்போய்விட்டது, பாவம் மனிதர் வாய்விட்டுச் சொல்லாமல் புழுங்குகிறார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். தையல்காரருக்குப் போன் செய்து அவருடைய பிரதியை வரவழைத்தாள். மாமாவின் பணி ஓய்வு விழாவில் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தாள். என்னிடமும் மூச்சு விடவில்லை.

காலை பதினொரு மணி. ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்தில் டீயும் பிஸ்கட்டும் நாற்பது பேரும். தலைமை டாக்டர் பேசி முடித்தார். விளக்குகளை அணைத்துவிட்டுத் திரையை இறக்கினார்கள். மஞ்சள் டவுசர் தெரிந்தது.

மாமா மேடையில் இருந்தார். நான் பின்வரிசையில். அக்கா முதல் வரிசையில் ஓரத்து நாற்காலியில், அவர் முகம் மலர்வதைப் பார்க்க ஆசையாகத் திரும்பியிருந்தாள். அந்த முகம் மலரவில்லை. நாற்பதாவது நிமிடத்திலிருந்து போடச் சொல்லியிருந்தாளாம், நல்ல கட்டம் என்று. இது தையல்காரருடைய பிரதி, இருபத்தெட்டு இருக்கும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாத்தியார் அழுத்திப் பிடித்தார். நடுவர் குனிந்தார். அவர் கண் தோளுக்குப் போகவில்லை. இருட்டில் முதல் வரிசையைத் தேடியது.

ஒன்று.

அக்காவின் தலை பின்னால் சாய்ந்தது.

இரண்டு. மடியில் இருந்த அவள் கை நழுவி நாற்காலிக்கு வெளியே தொங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவரின் கை மேலே போன வேகத்தை நான் பார்த்தேன். அது முந்திவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"ஏய் கிழவி! எழுந்திரு!"

மாமா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்து, பாதியில் உடைந்து, கூடம் முழுக்க எதிரொலித்தது. அக்காவுக்கு முடி நரைத்த பிறகு செல்லமாக அவர் வைத்த பெயர் அது.

திரையில் நடுவரின் கை அந்தரத்தில் நின்றது. கூப்பிட்டது யார் என்று பார்ப்பவர் போல அவர் தலையைத் திருப்பினார். ஒரு துளி நேரம்தான். மஞ்சளின் தோள் எழுந்தது. கை பிறகுதான் விழுந்தது. ஆட்டத்துக்காகத்தான் கத்தினார் என்று நினைத்து நாற்பது பேரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவில் அக்கா கண்ணைத் திறந்து, எழுந்து நின்று, சுற்றும் முற்றும் பார்த்து, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"தூங்கிட்டேன் போல" என்றாள்.

மாமா விடவில்லை. அங்கேயே, அவர் தினமும் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, எல்லாப் பரிசோதனையும் செய்ய வைத்தார். எதிலும் ஒன்றும் இல்லை. சாயங்காலம் மூவரும் வீட்டுக்கு வந்தோம். நான் அந்தப் பிரதியை அளந்தேன். இருபத்தெட்டு. அலமாரியிலிருந்த குறுந்தகட்டையும் எடுத்து அளந்தேன். அதுவும் இருபத்தெட்டு.

"இப்பவாவது ரெண்டு பேரும் வாயைத் திறக்கிறீங்களா?" என்றாள் அக்கா.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். எண்களையும், நடுவரின் கையையும், நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த மதியத்தையும். சொல்லும்போது அழுதுவிட்டார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உங்க கிட்ட ஒண்ணு சொன்னதே இல்லங்க" என்றாள். "சொன்னா நம்ப மாட்டீங்கன்னு விட்டுட்டேன். அன்னைக்கு மேல்மாடியில எனக்கு வலியெல்லாம் போயிடுச்சு. சுகமா இருந்துச்சு. அப்படியே போயிருப்பேன். தூரத்துல யாரோ ஒரு வயசான ஆளு, குரல் உடைய, 'ஏய் கிழவி, எழுந்திரு'ன்னு கத்தினாரு. உடனே நிறையப் பேர் கைதட்டுற சத்தம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இருபத்தாறு வயசுக்காரியை எவன்டா கிழவிங்கிறான்னு பார்க்கத்தான் கண்ணைத் திறந்தேன்."