மெத்தைக்காரர் போட்ட சாண்

வியட்நாம் சண்டைக்கு என்னையும் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நான் மனதார நம்பினேன். அமெரிக்காக்காரனுக்கு ஆள் போதவில்லையாம், இலங்கைக் குடியுரிமை இல்லாத, தேயிலைத் தோட்டத்து வழி வந்த தமிழர்களைத்தான் முதலில் அள்ளுவார்களாம் என்று மாத்தளைத் தேத்தண்ணிக் கடைகளில் பேச்சு. எனக்குக் குடியுரிமையும் இல்லை, தைரியமும் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் சில்லறைக் கடைக்கு வந்தார் அலுவிகாரைப் பக்கத்து மெத்தைக்காரர். முஸ்லிம் பெரியவர், அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். தாடி நரைத்ததா, பஞ்சு ஒட்டியதா என்று யாருக்கும் தெரியாது. எதைக் கண்டாலும் சாண் போட்டு அளக்கிற கை அவருக்கு. வந்ததும் என் தோளிலிருந்து குதிகால்வரை அளந்தார். பிறகு தொப்பையைச் சுற்றியும்.

"நானா, யாருக்கு அளவு எடுக்கிறீங்க?" என் குரல் கீச்சென்றது.

"கட்சிக்காரங்களுக்கு. சண்டை வேணாம்னு ஊர்வலம் போறாங்க. அமெரிக்க ஜனாதிபதி கொடும்பாவிக்கு வைக்கோல் அடைக்கணும். ஆளு வாட்டசாட்டமா இருக்கணுமாம்."

"அப்ப என்னயச் சண்டைக்குப் புடிக்க வரலியா?"

அவர் சிரித்த சிரிப்பில் தாடியிலிருந்து பஞ்சு பறந்தது. "ஓட்டுப் போடக்கூட இந்த நாட்டு ஆள் இல்லேன்னு கவர்மெண்டுக்காரன் ஒங்கள ஒதுக்கி வச்சிருக்கான். பொறகு எந்த நாட்டு ஆள்னு சொல்லிச் சண்டைக்கு அனுப்புவான்? போய்ச் சோத்தத் தின்னுங்க!"

ஓட்டில்லாததற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அதை அவர் ஆறுதலாகச் சொன்னாரா, எங்களுக்கு நடந்த அநியாயத்தில் வயிறெரிந்து சொன்னாரா என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

சனிக்கிழமை பஸ் நிலையத்தில், என் உயரத்தோடும் என் தொப்பையோடும் அமெரிக்க ஜனாதிபதி எரிந்தார். நான் எதிரே நின்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன்.